ஓடைக்கரைக் கிழங்கு

காரைக்காலிலிருந்து சைகோனிலிருந்த பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு வந்த கணவன் காய்ச்சலில் இறந்தபிறகும் மாரி-ரோஸ் ஊர் திரும்பவில்லை. சைகோனை அடுத்த தூ டுக் ஊரில் மாடு வளர்த்து, பிரெஞ்சுக்காரர் வீடுகளுக்குப் பால் ஊற்றிப் பிழைத்தாள். மேய்ச்சல் நிலத்தை ஒட்டியிருந்த காட்டை ஒரு பிரெஞ்சுத் துரை வெட்டிச் சாய்த்து ரப்பர்த் தோட்டம் போட்டார். ஓடைக்கரையில் மட்டும் கொஞ்சம் மூங்கில் மிஞ்சியது. காட்டுப்பன்றிகள் அதில் ஒண்டிக்கொண்டன. பகலில் அவள் மாடுகள் அங்கே தண்ணீர் குடிக்கும். பொழுது சாய அவள் கிளம்பியதும் பன்றிகள் இறங்கும். குட்டிபோட்ட பன்றி உறுமினால் அவளே ஒதுங்கிப் போவாள்.

தோட்டத்துக்குத்தான் அது பொறுக்கவில்லை. பன்றிகள் ரப்பர் கன்றுகளைத் தோண்டிப் போட்டன.

ஒருநாள் காலை, அவளுடைய செவலைப் பசு ஓடைக்கரையில் நுரை தள்ளி விழுந்தது. சினைமாடு. தலையை மடியில் தாங்கிக்கொண்டு மாரி-ரோஸ் கத்தக் கத்த, கால் உதறி அடங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், மூங்கிலடியில் தாய்ப்பன்றியும் குட்டிகளும் விறைத்துக் கிடந்தன. அவற்றைக் கொத்திய காக்கைகளும் செத்துக் கிடந்தன. சுற்றிலும் சர்க்கரைவள்ளிக் கிழங்குகள். ஒவ்வொன்றையும் கீறி, உள்ளே பாஷாணம் வைத்திருந்தார்கள்.

அவள் அழவில்லை. மட்டையால் கிழங்குகளைக் கூடையில் தள்ளிக்கொண்டு நேரே துரை பங்களாவுக்குப் போனாள். கங்காணி கப்ரியேல் வாசலில் மறித்தான். புதுச்சேரிக்காரன், ஞாயிறு பூசையில் பார்க்கிற முகம்.

"பன்னிக்கு வச்சதும்மா. ஒம் மாடு ஏன் அங்க போச்சு?"

"தண்ணி குடிக்கப் போச்சு. பன்னியும் அதுக்குத்தான் வந்துச்சு. காட்ட மழிச்சது நீங்க. திங்க ஒண்ணுமில்லாம அது ஒங்க ரப்பர்க் கன்னுகளத் தோண்டாம எங்கடா போவும்?"

"மெல்லப் பேசு, முசியே தொரை சாப்புடுறாரு. வேற மாடு கேட்டுத் தர்றேன்."

"எவனுக்கு வேணும் ஒங்க மாடு? கரையில கெடக்குற மிச்சத்தப் பொறுக்குங்கடா!"

கூடையை வராந்தாவில் கவிழ்த்தாள். கிழங்குகள் துரையின் மேசைவரை உருண்டன. அவருடைய வேட்டைநாய் ஒன்றை முகர்ந்ததும் துரை அலறிக்கொண்டு எழுந்தார்.

"நாய்க்குன்னா பதறுது பாரு!" என்று காறித் துப்பினாள்.

மாலைக்குள் கரையைத் துப்புரவாக்கினார்கள். மறுவாரமே ஓடையைச் சுற்றி முள்கம்பி ஏறியது. மாரி-ரோஸ் பங்களாவுக்குப் பாலை நிறுத்தினாள். மாடுகளைத் தொலைவில் இருந்த ஆற்றுக்கு ஓட்டினாள். ஒரு விடியலில், விஷத்துக்குத் தப்பிய ஒரு பன்றிக்குட்டி கம்பியில் விலா கிழிந்து வீறிட்டது. மாரி-ரோஸ் வேலிக் கம்பத்தை அசைத்து அசைத்துப் பிடுங்கிச் சாய்த்தாள். குட்டி மூங்கிலுக்குள் ஓடியது.

கப்ரியேல் கம்பத்தைத் திரும்ப நட்டான். அவள் பிடுங்கினாள். அவன் நட நட, அவள் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். மழைக்காலம் வந்தபோது அவன் நடுவதை விட்டுவிட்டான்.