பதினான்காம் இலக்க உபகாரம்

1955 ஜூன் 15, புதன்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். முகச்சவரம். வெந்நீர்க் குளியல். சாயத்தண்ணி, அதாவது பாலில்லாத தேநீர், ஒரு கோப்பை. ஐந்தரைக்கு, ஆட்களை வேலைக்குத் திரட்டும் பெரட்டுத் தப்புப் பறையின் சத்தம் கேட்டது. ஆறு மணிக்கு மழைமானியைப் பார்த்தேன்: இரண்டே கால் அங்குலம். ஆறரைக்கு மருந்துச்சாலையைத் திறந்தேன்.

இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபத்திரண்டு வருஷமாக டிஸ்பென்சராக இருப்பவன் நான். நாட்குறிப்பு எழுதாத நாள் கிடையாது. மருந்தை அவுன்ஸ் பார்த்து ஊற்றுகிறவன் பொழுதையும் அப்படித்தான் ஊற்றுவான்.

ஆனால் இந்த மாதம் என் நாட்குறிப்பில் ஒரு புதுமை. சிவப்பு மை!

காரணம், ஜூன் முதல் தேதி மாலை ஹட்டனில் நடந்த ஒரு சொற்பொழிவு. கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். “ஆளுக்குத் தினமும் ஒரே ஒரு சிறு உபகாரம். போதும்... உலகம் மாறிவிடும்!” என்றார். மண்டபம் அதிரக் கைதட்டினோம். வெளியே வந்தால் கொட்டுகிற மழை. பேச்சாளரை மூன்று குடைகள் சூழ்ந்து காருக்குள் சேர்த்தன. கைதட்டிய நாங்கள் நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு ஓடினோம்.

மறுநாளே நான் ஆரம்பித்துவிட்டேன். தினம் ஒரு உபகாரம் — சிவப்பு மையில், இலக்கமிட்டு.

இலக்கம் 3: பஸ்ஸில் ஒரு முதியவருக்கு எழுந்து இடம் கொடுத்தேன். அவர் அடுத்த தரிப்பிலேயே இறங்கிப் போனார். அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துகொண்டார். ஹட்டன் வரை நின்றேன்.

இலக்கம் 6: தபால் கந்தோரில் முத்திரை கொடுப்பவரைப் பார்த்துப் புன்னகைத்தேன். “என்ன, ஒடம்புக்கு முடியலையா?” என்று கேட்டார்.

இலக்கம் 9: பக்கத்து வீட்டுக் கோழி என் முட்டைக்கோவாப் பாத்தியில் மேய்ந்தது. விரட்டவில்லை. மறுநாள் ஐந்து கோழிகள் வந்தன.

உலகம் மாறிக்கொண்டுதான் இருந்தது. கோழிகளைப் பொறுத்தவரை, சந்தேகமே இல்லை.

இனி, பதினைந்தாம் தேதிக்கு வருகிறேன். காலை ஏழு ஐந்துக்கு முத்தாயி வந்தாள். கொழுந்தெடுப்பவள். கையில் ஐந்து மாதப் பெண் குழந்தை, மூச்சுக்கு மூச்சு கர்கர் என்று சத்தம். நெஞ்சில் சளி. மிக்சர் கொடுத்தேன்.

“பிள்ளை நனையக் கூடாது முத்தாயி. நனைஞ்சா நெஞ்சுல சளி கட்டிரும். அப்புறம் நான் பொறுப்பில்ல.”

சொல்லிவிட்டு வெளியே பார்த்தேன். மழை. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பரா அங்கிருந்து கால் மைல். அவள் தலையில் போட்டிருந்த கம்பளியோ ஏற்கெனவே சொட்டிக்கொண்டிருந்தது.

அன்றைய உபகாரம் தானாகவே காலடிக்கு வந்து நின்றது!

“இந்தா, இந்தக் குடையப் புடிச்சிட்டுப் போ.”

அவள் இரண்டடி பின்னால் போனாள்.

“கொடைங்களா? வேணாங்கையா. யாராச்சும் பாத்தா வம்புங்க.”

“மழைக்குத்தானே குடை? யாரு என்ன சொல்லப் போறாங்க? புடி.”

“ஐயாவ யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க...” என்று இழுத்தாள்.

அது என் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. நான் சிவப்பு மைப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதிவைக்கவில்லை, அதனால்தான் அழிப்பதும் கஷ்டம். தொழிலாளி எவரும் தோட்டத்து மேலாளரான துரையின் கண்ணில் படும்படி குடை விரிக்கக் கூடாது. மழையானால் கம்பளி, இல்லாவிட்டால் சாக்கு. எங்களைப் போன்ற உத்தியோகத்தர் குடை பிடிக்கலாம். துரை வந்தால் மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக நான் மடக்கியிருக்கிறேன். இது எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் மறந்தேன். நமக்கு வலிக்காத சட்டம் நமக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது?

மாலை நாலு இருபதுக்கு அவள் புருஷன் சின்னச்சாமி வாசலில் வந்து நின்றான். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

“என்ன சின்னச்சாமி, காய்ச்சலா?”

“இல்லீங்க. வேலையிலேருந்து பேரு வெட்டிட்டாங்க.”

“யாரு பேர?”

“அவ பேரத்தாங்க. அவ பேர வெட்டுனா எம் பேரும்தானுங்க. சனிக்கெழமைக்குள்ள குடியிருக்கிற காம்பராவக் காலி பண்ணணுமாம்.”

நடந்ததைச் சொன்னான். தொழிற்சாலை வளைவில் துரையின் ஜீப் எதிரே வந்திருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த கங்காணி, “கொடைய மடக்குடி!” என்று கத்தியிருக்கிறார். ஒரு கையில் குழந்தை, மறு கையில் குடை.

“மடக்கணும்னா புள்ளையக் கீழ வைக்கணுங்களே. ‘சேத்துலயா வைக்கச் சொல்றீங்க’ன்னு கேட்டுப்புட்டா. அது வாய்க்கொழுப்புன்னு ஆயிருச்சு. அப்புறம் தொரை, ‘யாரு கொடை?’ன்னு கேட்டிருக்காரு. நாலு தரம் கேட்டிருக்காரு. இவ வாயே தொறக்கல. திருட்டுக் கொடைன்னு எழுதிட்டாங்க.”

“என் பேரச் சொல்ல வேண்டியதுதானே?”

“நானும் அதத்தாங்க கேட்டேன். புள்ளைக்கு மருந்து குடுக்கிற கையாச்சே, அதுக்கு ஒரு வம்பு வரணுமான்னு சொல்றா.”

அவன் படியிறங்கினான். பிறகு திரும்பினான்.

“ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இனிமே குடுக்கிறதுன்னா கம்பளியாக் குடுங்கையா. கொடை எங்களுக்குத் தாங்காது.”

ஐந்து மணிக்கு ஆபீசுக்குப் போனேன். விறாந்தை ஆணியில் என் குடை தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய கிளாக்கர் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

“வாங்க டிஸ்பென்சர், வாங்க. என்ன இப்பிடி நனைஞ்சிட்டீங்க? குடை இல்லையா?”

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உள்பக்கம் உங்க பேரு தைச்சிருக்கு. பாத்தேன்.”

ஆமாம். குடை தொலையக் கூடாதென்று ஹட்டன் தையற்காரரிடம் கொடுத்து வெள்ளை நூலால் என் பெயரைத் தைத்துவைத்திருக்கிறேன். அவருக்கு ஆங்கில எழுத்து வராது, அதனால் தமிழில். துரைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. கங்காணிக்கு எந்த எழுத்தும் தெரியாது.

“துரை என்னைத்தான் படிக்கச் சொன்னாரு. நூல் நைஞ்சு போச்சு சேர், வாசிக்க முடியலன்னுட்டேன். என்னால ஆன சின்ன உபகாரம். அன்னைக்கு ஹட்டன் கூட்டத்துல நீங்களும் இருந்தீங்கள்ல? என்னமாப் பேசினாரு மனுசன்!”

“அப்போ முத்தாயி?”

“பாவந்தான். சனிக்கிழமை தோட்டத்து லொறி டவுனுக்குப் போவுது. நான் சொல்லி ஏத்திவிடுறேன். சட்டிபானை நனையாமப் போகட்டும்.”

பாருங்கள்! ஒரே நாளில் எத்தனை உபகாரம்! நான் குடை கொடுத்தேன். முத்தாயி என் பெயரை மறைத்தாள். கிளாக்கரும் அதையே மறைத்தார், லொறியும் தரப்போகிறார். இத்தனை பேரும் நல்லவர்களாக இருந்ததன் விளைவு — சளிக்குழந்தை ஒன்று சனிக்கிழமை கூரையில்லாமல் மழையில் நிற்கும்.

கொழும்புப் பெரியவர் சொன்னது பொய்யில்லை. முத்தாயியின் உலகம் ஒரே நாளில் மாறிவிட்டதே!

ஆறு மணிக்கு வீட்டில் நாட்குறிப்பைத் திறந்தேன். ‘இலக்கம் 14: ஏழைத் தாய்க்குக் குடை ஈந்தேன்’ — காலையில் எழுதியது. ஈந்தேனாம்! அலமாரிக்குப் பின்னால் இன்னொரு குடை எனக்கு இருக்கிறது. கொடுத்ததில் எனக்கு என்ன குறைந்தது? இப்போது தேவைப்படுவது குடை அல்ல, வாய். துரையின் முன்னால் திறக்க வேண்டிய வாய். அதற்குப் பின்னால் இந்த உத்தியோகம், இந்த வீடு, கோவாப் பாத்தி எல்லாம் வரிசையாக நின்றன. அந்த ஐந்து கோழிகள்கூட எனக்கு வேண்டியவையாகத் தோன்றின.

துரையிடம் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். ஏழு தடவை எழுதினேன். ஏழிலும் ‘மன்னிக்கவும்’தான் அதிகம், ‘என் குடை’ ஒரு ஓரத்தில் கிடந்தது.

ஜூன் 16, வியாழக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். சவரம் செய்யவில்லை. அலமாரிக்குப் பின்னாலிருந்த குடையையும் எடுக்கவில்லை. ஐந்து ஐம்பதுக்குப் பெரட்டுக் களத்தில் நின்றேன்.

துரை மழைக்கோட்டில் நின்றார். பக்கத்தில் பெரிய கிளாக்கர், குடையைக் கக்கத்தில் மடக்கியபடி. பெண்கள் வரிசைக்கு அப்பால் தனியாக முத்தாயி — கும்பிட்டுக் கேட்டுப் பார்க்கலாம் என்று வந்திருந்தாள்.

ஏழு தடவை எழுதிய ஆங்கிலம் எங்கே போனதோ! பாதி அது, பாதி தமிழ்.

“சேர், அந்தக் குடை என்னுடையது. திருட்டு இல்லை. குழந்தை நனையக் கூடாதென்று நான்தான் கொடுத்தேன். வேண்டாமென்றாள். வற்புறுத்திக் கொடுத்தேன். வெட்டுவதானால் என் பெயரை வெட்டுங்கள்.”

துரை என்னைப் பார்த்தார். பிறகு கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் மழையைப் பார்த்தார்.

எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த நேரத்தில் நான் மணி பார்க்கவில்லை. என் நாட்குறிப்பில் அது ஒன்றுதான் நேரமில்லாத இடம்.

“பழையபடி பேரு எழுது,” என்றார் துரை, கிளாக்கரிடம். “புருஷன், பொஞ்சாதி, ரெண்டு பேரும்.”

பிறகு என்னிடம் ஆங்கிலத்தில்: மழைக்காலம் முடியும்வரை அந்தக் குடை ஆணியிலேயே தொங்க வேண்டும், அதுவரை நானும் வேறு குடை பிடிக்கக் கூடாது. எல்லோரும் பார்க்கட்டும்.

சட்டம் மாறவில்லை. மழையும் விடவில்லை. இரண்டு பெயர்கள் மட்டும் இருந்த இடத்துக்கே திரும்பின. அதை உலகம் மாறியதாகக் கணக்கெடுக்கலாமா என்று கொழும்புப் பெரியவரைத்தான் கேட்க வேண்டும். பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியைத் துரை வாசிக்க மாட்டார். பெரிய கிளாக்கர் வாசிப்பார்; ஆனால் எந்த எழுத்து எப்போது நைந்துபோகும் என்பது அவருக்குத் தெரியும்.

களத்தைவிட்டுத் திரும்பினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. பெண்கள் வரிசையைக் கடக்கும்போது பின்னாலிருந்து முத்தாயியின் குரல்:

“ஐயா, நனையக் கூடாதுங்க! நெஞ்சுல சளி கட்டிரும். அப்புறம் நான் பொறுப்பில்லீங்க!”

வரிசை முழுவதும் சிரித்தது.

ஆறரைக்கு மருந்துச்சாலையைத் திறந்தேன். முதல் நோயாளி, நான். சளி மிக்சர், ஒரு அவுன்ஸ்.