சின்னவளின் முதல் ஓட்டு

கார்த்திகை தீபத்தன்று மொட்டைமாடியை வெளியூர்க்காரர்களுக்கு விடுவதா வேண்டாமா என்பதற்குக்கூட எங்கள் வீட்டில் ஓட்டெடுப்பு நடக்கும். சாப்பிட்டுக் கழுவிய ஈரக் கையை ஆளாளுக்குத் தூக்குவோம். என் வீட்டுக்காரர் திருவண்ணாமலையில் கல்லூரி ஆசிரியர், பாடம் அரசியல். எனக்கு இரண்டு மாமனார்கள் என்று அவரைக் கேலி செய்வேன். ஒருவர் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை பயிரிட்டவர். மற்றவர் ஜனநாயகத்தைப் பற்றி எழுதிவிட்டு, நாங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே செத்துப்போன ஒரு வெள்ளைக்காரர். மறுநாள் பாடத்தை நான் காய் நறுக்கும்போது இவர் சொல்லிப் பார்ப்பார். அப்படித்தான் அந்த மனிதர் எங்கள் சமையலறைக்குள் வந்தார்.

ஒற்றை ஆளாக மறுப்பவர் பேசி முடிக்கும்வரை யாரும் கை தூக்கக் கூடாது. இது அந்த வெள்ளைக்காரரைப் படித்து இவர் போட்ட சட்டம். பத்து வயது நிறைந்தால் பிள்ளைக்கும் ஓட்டு என்பது இவரே சேர்த்துக்கொண்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரருக்கு இதயக் கோளாறு என்று தெரிந்தது. மெட்ராஸ் போய் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார்கள். வீட்டில் அவர் மட்டும் மறுத்தார்.

"எனக்கு பயமா இருக்கு. இருக்கிற வரைக்கும் மாத்திரையிலேயே ஓட்டிடறேனே" என்றார்.

குறுக்கே பேசாமல் கேட்டோம். பிறகு நானும் பையன்கள் இருவரும் கை தூக்கினோம். அப்போதுதான் பத்து வயது நிறைந்திருந்த சின்னவள், அப்பா பிழைத்துவிடுவார் என்ற சந்தோஷத்தில் இரண்டு கைகளையும் தூக்கினாள். "ஒரு கைதான்டா கண்ணு" என்று சிரித்தபடி அவரே ஒன்றை இறக்கிவிட்டார்.

மெட்ராஸ் பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. "அவனவன் உடம்பு அவனவனுக்குத்தான், ஊரே சேர்ந்தாலும் அதுல கை வைக்க முடியாதுன்னு உங்க ஆளு எழுதியிருக்காருன்னு சொல்வீங்களே. ஏங்க அன்னிக்கு அதச் சொல்லல?"

"சொல்லியிருக்கலாம். பாப்பா போட்ட மொத ஓட்டு அது. செல்லாதுன்னு எப்படிச் சொல்றது?"

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கண் திறக்கவேயில்லை. டாக்டர்கள் மேல் குறையில்லை. ஆனால் என் கோபம் ஆறவில்லை. அது இவர் மேலா, அந்த வெள்ளைக்காரர் மேலா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

சின்னவளுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. பஸ்ஸில் அவர் சொன்னதை அவளிடம் நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். தேர்தல் வந்தால் பையன்கள் என்னைக் கைத்தாங்கலாக அழைத்துப் போவார்கள். அவளையும் ஒவ்வொரு முறையும் கூப்பிட்டுப் பார்ப்பேன்.

"நீங்க போய்ட்டு வாங்கம்மா. நான் ஒரு தடவ போட்டதே போதும்."