மூன்றாம் நம்பர் துப்பாக்கியின் பிடிவாதம்

ஷார்ஜா தாண்டிப் பாலைவனம் தொடங்கும் இடத்தில் இருக்கும் அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் ஆயுத அறைக்குப் பொறுப்பு நாகலிங்கம். கோயம்புத்தூரில் பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டியவர், பிறகு துபாய் அல் கூஸில் ஒரு ஒர்க்‌ஷாப், பிறகு இங்கே. உலகத்து இயந்திரங்கள் எல்லாம் இரண்டே வகை என்பது அவருடைய சித்தாந்தம். ஒன்று பம்ப்செட், மற்றது பம்ப்செட் மாதிரி இருப்பது. பம்ப்செட் தண்ணீரைத் தள்ளுகிறது, துப்பாக்கி குண்டைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். கிளப் மேனேஜர் கேப்டன் காலிதிடம் இதை அவர் ஹிந்தியில் விளக்கியபோது கேப்டன் மறுத்துப் பேசவில்லை. மறுக்காததை ஒப்புதலாக எடுத்துக்கொள்வது நாகலிங்கத்தின் சுபாவம். அந்தச் சுபாவத்தாலேயே அவர் வளைகுடாவில் முன்னுக்கு வந்தார் என்று சொல்லலாம்.

துப்பாக்கிக் கம்பெனி நடத்திய பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவரே சொல்வார்.

அவர் வசம் ஆறு செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகள் இருந்தன. ஒரு குண்டு போனதும் அடுத்தது தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஜாதி. எனவே சேஃப்டி என்கிற அந்தச் சின்னப் பூட்டு மக்கர் பண்ணக் கூடாது. மேலே தள்ளினால் பூட்டு, கீழே தள்ளினால் சுடலாம். கட்டைவிரல் சொன்னதை அது கேட்க வேண்டும்.

ஒரு புதன்கிழமை காலை மூன்றாம் நம்பர் துப்பாக்கியின் சேஃப்டி கேட்கவில்லை. தினமும் சுடும் இடமான ரேஞ்சைத் திறக்கும் முன் ஆறையும் சோதிப்பது கௌஸ் முகம்மதுவின் டியூட்டி. வாணியம்பாடிக்காரர், ரேஞ்ச் ஆபீசர். ஒரு கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. இரண்டு கட்டைவிரல்களால் தள்ளினார். முனகிக்கொண்டு பாதி தூரம் வந்தது.

“மாஸ்டர், உங்க மூணாம் நம்பருக்கு வாதம் வந்திருக்கு. எண்ணெய் தேய்ச்சு விடுங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை பெண்கள் போட்டி. விஷயம் கேப்டன் காதுக்குப் போனது. பழைய ராணுவக்காரர், நிறையப் பேச மாட்டார். சேஃப்டி லேசாகிவிட்டது என்று மட்டும் சொன்னால் போதாது, ஏன் இறுகியது என்றும் நாளை மதியத்துக்குள் சொல்ல வேண்டும் என்றார். காரணம் தெரியாமல் சரியான சேஃப்டி, சரியாகாத சேஃப்டிக்குச் சமம். காரணம் கிடைக்காவிட்டால் ஆறு துப்பாக்கிகளும் வெளிக் கம்பெனிக்குப் போகும். இனி ரிப்பேர் எல்லாம் அங்கேதான். நாகலிங்கம் முன்வாசல் கவுன்டரில் உட்கார்ந்து, வெடிச் சத்தம் கேட்காமல் இருக்கக் காதுக்கு மாட்டும் கருவியை எடுத்துக் கொடுக்கலாம்.

பம்ப்செட் சித்தாந்தம் கண்டவர் காதுக் கருவி விநியோகிப்பதா? நாகலிங்கம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

மேகசினைக் கழற்றினார். குண்டு உட்காரும் சேம்பர் காலியா என்று கண்ணால் பார்த்தார், விரல் விட்டும் பார்த்தார். இதில் மட்டும் அவர் தன்னையே நம்ப மாட்டார். கௌஸையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு தீர்ப்பு வழங்கினார். போன வாரம் அடித்த புழுதிக் காற்றில் மணல் புகுந்துவிட்டது. ரேஞ்ச் கதவைத் திறந்து போட்டது கௌஸ்.

“கதவு ஆறு துப்பாக்கிக்கும் ஒண்ணுதான மாஸ்டர். மணல் என்ன, மூணாம் நம்பரை விசாரிச்சுக்கிட்டு வந்துச்சா?”

“மணலுக்கும் ராசி இருக்குதுங்க பாய்” என்றார் நாகலிங்கம்.

காற்றடித்துப் பார்த்தார். ஒரு மணல் துகள்கூட வரவில்லை. இதனால் அவர் தளரவில்லை. சந்தேகத்தை மணலிலிருந்து பழைய எண்ணெய்க்கு மாற்றினார். இந்த ஊர்ச் சூட்டில் எண்ணெய் பிசினாகிப் பூட்டைப் பிடித்துக்கொள்ளும், உண்மைதான். பிசினைக் கரைக்கும் மருந்தை ஊற்றி ஊறவைத்தார். சேஃப்டி குளித்துவிட்டு முன்னைவிட இறுக்கமாக உட்கார்ந்தது. அடுத்து ஸ்பிரிங். கழற்றிப் புதியதை மாட்டினார். பலன் மாஃபி, இந்த ஊர்ப் பேச்சில் பூஜ்யம்.

சேஃப்டியின் லீவரைக் கழற்றியபோது அதன் அச்சில் வெளிர் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்ததை அவர் கவனிக்காமல் இல்லை. கவனித்தார், மரியாதையும் செலுத்தினார். அது கம்பெனி வைத்து அனுப்பிய கிரீஸ், அதில் கை வைக்கக் கூடாது என்று கௌஸுக்குப் பாடம் எடுத்தார். அதைச் சுற்றி எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்துவிட்டு அதை மட்டும் பத்திரமாக உள்ளே வைத்து மூடினார்.

வியாழக்கிழமை காலை. மிச்சமிருந்தது ஒரே வழி. கொஞ்சம் சூடு காட்டினால் கம்பெனி கிரீஸ் இளகும். தலை உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து சேஃப்டிக்கு நேராகப் பிடித்தார்.

கிரீஸ் இளகவில்லை. ஆனால் அறை முழுவதும் கமகமவென்று ஒரு வாசனை எழுந்தது. மருதமலையில் படியேறி முடித்ததும் முகத்தில் வந்து மோதுமே, அந்த வாசனை.

நாகலிங்கம் கருவியை அணைத்தார். கௌஸ் மூக்கை உறிஞ்சினார்.

“மாஸ்டர், இது எந்தக் கம்பெனி கிரீஸ்?”

பத்து நாள் முன்னால் ஆயுத பூஜை. அல் கூஸ் பட்டறைகளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் பொட்டு வைப்பார்கள். நாகலிங்கத்திடம் இருப்பவையோ நிஜ ஆயுதங்கள். ஆயுதங்களை வைத்துக்கொண்டு ஆயுத பூஜை போடாதவன் எப்பேர்ப்பட்ட தொழிலாளி? கதவைச் சாத்திவிட்டுப் பூஜை போட்டார். கற்பூரம் ஏற்றினால் அலாரம் அலறும் என்பதால் செல்போன் டார்ச்சைச் சுற்றிக் காட்டினார். ஐந்து துப்பாக்கிகளுக்கு பின்பக்க மரக்கட்டையில் ஒரு சந்தனப் பொட்டு. மூன்றாம் நம்பர் அவருக்குச் செல்லம். உயிர்நிலை எதுவோ அங்கே வைப்பதுதான் முறை என்று சேஃப்டி மேலேயே தாராளமாகச் சந்தனத்தை அப்பினார். மறுநாள் வெளியே தெரிந்ததைத் துடைத்தார். உள்ளே இறங்கியது நாளுக்கு நாள் காய்ந்து சிமென்ட் ஆனது.

“எண்ணெய், மருந்து எதுக்கும் கரையாதுங்க இது. தண்ணிக்குத்தான் கரையும்” என்றார் நாகலிங்கம் மெதுவாக. துப்பாக்கிக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது பயிற்சியின் முதல் பாடம். ஈரத் துணியால் அச்சைத் துடைத்தார். அந்த நொடியே உலர்த்தி எண்ணெய் போட்டார். சேஃப்டி கட்டைவிரலுக்கு அடங்கி ‘டிக்’ என்றது.

கௌஸ் அறைக் கதவைச் சாத்தினார். மணல் என்றே சொல்லிவிடுங்கள், கதவைத் திறந்து போட்டது நான்தான் என்று ஒப்புக்கொள்கிறேன், ஒரு திட்டோடு போய்விடும் என்றார். நாகலிங்கம் யோசித்தார். மணல் என்றால் கேப்டன் ரேஞ்சை மூடி மணலைத் தேடுவார். இல்லாத மணலை எத்தனை பேர் தேடினாலும் கிடைக்காது. தவிர, காரணத்தைக் கண்டுபிடித்தவர் அவர். அந்தப் பெருமை மணலுக்குப் போவதில் அவருக்குச் சம்மதமில்லை.

“நீங்க திட்டு வாங்கி நான் ரிப்பேர் பெஞ்சுல உக்கார்றதாங்க? ஆகாதுங்க பாய்” என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

கேப்டனிடம் ஹிந்தியில் சொன்னார். பூஜையையும் சொன்னார், கம்பெனி கிரீஸ் என்று தான் கும்பிட்டதையும் சொன்னார். கேப்டன் சேஃப்டியை மேலும் கீழும் பல தடவை தள்ளினார். பிறகு துணியில் ஒட்டியிருந்த சந்தனத்தை முகர்ந்தார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

“வாசனை எனக்கும் பிடிக்கும், ஊத் அத்தர்” என்றார். “நான் அதைக் கந்தூராவில், என் அங்கியில் பூசுகிறேன். துப்பாக்கியில் பூசுவதில்லை.”

அடுத்த வருடமும் இதைச் செய்வாயா என்று கேட்டார். செய்வேன், ஆனால் அலமாரிக் கதவுக்கு மட்டும் என்றார் நாகலிங்கம். கேப்டன் துப்பாக்கியை அவரிடமே நீட்டினார்.

“காரணம் கிடைத்தது. கலாஸ், விஷயம் முடிந்தது. மற்ற ஐந்தையும் இன்றைக்கே பிரித்துப் பார்.”

ஐந்தும் சுத்தமாக இருந்தன. ரிப்பேர் பெஞ்சு நாகலிங்கத்திடமே நின்றது.

வெள்ளிக்கிழமை போட்டிக்கு வந்த பெண்கள் ஆயுத அறை வாசலில் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். நாகலிங்கம் ஈரத் துணியும் காய்ந்த துணியுமாக உட்கார்ந்து ஒவ்வொருவர் கையையும் விரிக்கச் சொன்னார். கைக்கு க்ரீம் தடவியவர்கள் துடைத்த பிறகே துப்பாக்கியைத் தொடலாம். ஏன் என்று ஒரு பெண்மணி கேட்டதற்கு, அழகுப் பொருட்களால் சேஃப்டிக்கு வரும் ஆபத்தைப் பற்றி அவர் ஹிந்தியில் நீண்ட விளக்கம் கொடுத்தார். இத்துறையில் நேரடி ஆராய்ச்சி செய்த ஒரே ஆள் இந்தக் கிளப்பில் தான்தான் என்றும் அடக்கமாகக் குறிப்பிட்டார்.

பின்னால் நின்ற கௌஸ் இருமினார். நாகலிங்கம் திரும்பவில்லை. அடுத்த கையை நீட்டச் சொன்னார்.