உப்பு கூடிப்போன முந்திரிப்பழத் தொக்கு

எங்கள் ஊரில் முந்திரிப்பழத்துக்கு மரியாதை கிடையாது. ஜெயங்கொண்டத்தைச் சுற்றி எந்தத் தோப்பிலும் இதே கதைதான்: கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுவார்கள். கோடை முழுக்கத் தோப்பில் புளித்த வாடை வீசும். பிள்ளைகள் நாங்கள் மட்டும் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்போம். தொண்டை கரகரவென்று பிடித்துக்கொள்ளும். சட்டையில் கறை பட்டால் சட்டை கிழிந்தாலும் கறை போகாது.

நான் ஐந்தாவது முடித்த லீவில் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, விருத்தாசலம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடது கையில் வளையலே இல்லை. உடைந்துவிட்டதாம், அதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ரெண்டு நாளில் மாமா வந்து கூட்டிப்போய்விடுவார் என்று தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் அப்பா சொன்னார். மாமா வரவில்லை. அப்பா மட்டும் அதே ரெண்டு நாளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு, நாமே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தது. அந்தப் பேச்சு எழுந்தால் அத்தையும் எழுந்து ஏதாவது வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். எனக்கோ அவள் போகவே கூடாது. வலிக்காமல் சிக்கெடுத்துத் தலைவாரத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அப்படி எழுந்துபோன ஒருநாள்தான், ஒரு கூடை பழத்தைப் பொறுக்கி வந்து தொக்கு போட உட்கார்ந்தாள்.

அப்பா சிரித்தார். “மாடே ஒரு வாய்க்கு மேல திங்காது. இதுல தொக்கா?”

“தின்னு பாத்துட்டுப் பேசுண்ணே.”

பழத்தை நறுக்கி உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டாள். ஆவியில் வேகவைத்துப் பிழிந்தாள். தொண்டையைப் பிடிக்கிற காறல் இப்படித்தான் போகுமாம். நல்லெண்ணெயில் கடுகு வெடித்து, சின்ன வெங்காயம் வதங்கி, மிளகாய்த்தூளும் புளியும் சேர்ந்தபோது தெரு நாயே வாசலில் வந்து நின்றது. ருசி பார்க்கிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

அதுவரை வாயே திறக்காமல் கொட்டை உடைத்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“உப்பு இவ்ளோதானா?”

“போதும் அண்ணி. ரெண்டு நாளைக்குத்தானே.”

“ரெண்டு நாளைக்கா இத்தன பழத்த வச்சிருக்க?” அம்மா கல்லுப்பை ஒரு கை அள்ளிப் போட்டாள். அத்தையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கையும் போட்டாள். “மழைக்காலம் வரைக்கும் நம்ம வூட்டுக்கு ஆவணும்ல? எண்ணெயும் நல்லா ஊத்து.”

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீங்க சும்மா இருங்க” என்றாள் அம்மா, திரும்பாமலேயே.

அத்தை கரண்டியை விட்டுவிட்டு முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன். ஒரே உப்புக்கரிப்பு! அழமாட்டாளா பின்னே? காலையிலிருந்து கிண்டியதை அம்மா ஒரே நிமிஷத்தில் பாழாக்கிவிட்டாளே. ஓடிப்போய் வெல்லக்கட்டி ஒன்றை எடுத்துவந்து சட்டிக்குள் போட்டேன். “அத்தை, அழாத. சரி பண்ணிட்டேன்.”

அழுதுகொண்டிருந்தவள் அப்படியே சிரித்துவிட்டாள். “அடியே வாண்டு!” என்று அம்மாவும் சிரித்தாள்.

அன்று மத்தியானம் அப்பா பழையசோற்றுக்கு அந்தத் தொக்கைத் தொட்டுக்கொண்டார். இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார். கை கழுவப் போகும்போதுதான், யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: “அடுத்த வருஷம் காரம் இன்னும் கொஞ்சம் போடும்மா.”

அத்தை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அம்மா அவள் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போனாள். நான்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். காரத்தைப் பற்றிச் சொல்கிறாரே, வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா பாருங்கள்.