நாற்காலிக்குப் போட்ட நிழல்

வெயிலில் நிறுத்திய வேனை எப்படிக் குளிர வைப்பது என்று எல்லாருக்கும் தெரியும். வேன் இல்லாதவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டால் பத்து பேர் வழி சொல்வார்கள். பத்து பேரும் சுவெட்டர் போட்டிருப்பார்கள்.

நான் நமுனுகுல பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பண்டாரவளையில் ஒரு கோழிக்குஞ்சுக் கடைக்கு வேன் ஓட்டுகிறேன். பொரித்து ஒரு நாளான குஞ்சு. ஒரு பெட்டிக்கு நூறு. பெட்டிக்குள் நாலு அறை, அறைக்கு இருபத்தைந்து. சுற்றிலும் ஓட்டை. வேனில் பின் சீட்டெல்லாம் கழற்றியாச்சு. பக்கத்துக்குக் கண்ணாடி கிடையாது. தகரம்தான்.

கடை முதலாளி வயதான முஸ்லிம் மனுஷர். அவருக்கு உலகத்தில் ஒரே பயம், குளிர்.

"மகன், குஞ்சுக்குக் குளிர் பட்டா முடிஞ்சுது. மூடி எடுத்துப் போ" என்பார்.

மூடித்தான் எடுத்துப் போவேன். பெட்டி மேல் சணல் சாக்கு. முன் கதவுக் கண்ணாடியை ஏற்றிவிடுவேன். நிறுத்தினால் வெயில் பார்த்து நிறுத்துவேன். குஞ்சு கத்தினால் குளிருது என்று அர்த்தம். சத்தம் நின்றால் சூடு ஏறிவிட்டது, சுகமாக இருக்கு. கோழிக்குஞ்சு பற்றி எங்கள் ஊரில் இவ்வளவுதான் படிப்பு. எங்கள் ஊருக்கு அது சரி.

போன வருஷம் மொனராகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் குஞ்சு கேட்டார்கள். லயத்துப் பெண்களுக்கு ஆளுக்கு இருபத்தைந்து குஞ்சு கொடுக்கிற திட்டம். பட்டியலை ஒரு உத்தியோகத்தர் வைத்திருந்தார். நாலு பெட்டி ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். பெரகல கடைக்கு வேறு ரெண்டு பெட்டி இறக்கணும். இறக்கிவிட்டு மூடுபனியில் நின்று டீ குடித்தேன். குஞ்சு கத்தியது. இன்னொரு சாக்கு போட்டேன்.

பெரகல தாண்டினால் ரோடு கீழே இறங்கும். இறங்க இறங்கச் சூடு. வெல்லவாய வந்ததும் வேனை ஓரம் கட்டி என் சுவெட்டரைக் கழற்றினேன். குஞ்சு மேல் கிடந்த சாக்கைக் கழற்றவில்லை.

இதை யாருக்கும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

தோட்டத்துக்குப் போனால் உத்தியோகத்தர் வரவில்லை. பட்டியல் அவர் கையில். அவர் வராமல் ஒரு குஞ்சு இறக்க முடியாது. மரத்தடியில் இடம் இருந்தது. நான் வெயிலில் விட்டேன். நமுனுகுலயில் வெயில் துண்டு கிடைத்தால் விடமாட்டோம், துணி காயப் போடுவோம், பிள்ளையைக் காயப் போடுவோம். அந்தப் புத்திதான். கண்ணாடியை ஏற்றிக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துக் காது வைத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. நல்லாத் தூங்குது என்று போய்க் குந்தினேன்.

உத்தியோகத்தர் ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்தார். கதவைத் திறந்தேன். அடுப்பைத் திறந்த மாதிரி ஒரு காற்று முகத்தில் அடித்தது. பிறகு வாடை.

வரிசையில் முதலில் நின்றது ஒரு அக்கா. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். மழை என்றால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் வேலை இல்லை. குஞ்சை நம்பிப் பழைய தகரத்திலும் ரப்பர்க் கம்பிலும் கூடு கட்டி வைத்திருந்தார். பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு குஞ்சை எடுத்தார். கழுத்து தொங்கியது. திருப்பி வைத்தார். நாலு பெட்டியும் அப்படித்தான்.

"தம்பி, அவிச்சே கொண்டாந்திட்டீங்களா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அக்கா சிரிக்கவில்லை.

உத்தியோகத்தர் பேனாவை எடுத்து, பெண்கள் சரியாகப் பார்க்காமல் செத்தது என்று எழுதப் போனார். பெட்டி இன்னும் வேனை விட்டு இறங்கவே இல்லை.

"வண்டியில செத்தது சேர். நான் கொன்னது. அப்படியே எழுதுங்க" என்றேன்.

அவருக்குப் பிடிக்கவில்லை. எழுதினார். இன்னொரு தரம் கொடுக்கலாம், அதோடு சரி, அதிலும் செத்தால் திட்டம் வேறு தோட்டத்துக்குப் போய்விடும் என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த அக்காவைப் பார்த்துச் சொன்னார். கொன்றவன் நான். குஞ்சு போகப்போவது அக்காவுக்கு.

கடைக்கு வந்து சொன்னேன். முதலாளி தலையில் கை வைத்தார். அவர் மருமகன் போனை எடுத்தார்.

மருமகனைப் பற்றிச் சொல்லணும். கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுக்கப் போனில் படம் பார்க்கிறவர். எல்லாவற்றுக்கும் அதில் வழி இருக்கு. முன் கண்ணாடிக்கு உள்ளே வைக்கிற வெயில் மறைக்கிற பளபளப்பான ஷீட் ஒன்று வரவழைத்தார்.

"இத வச்சா உள்ளுக்கு ஐஸ் மாதிரி இருக்கும் அண்ணன்."

"குஞ்சு முன் சீட்டுலயா வருது?" என்று கேட்டேன்.

போனைத் திரும்பப் பார்த்தார். அதில் பதில் இல்லை. அடுத்த நாள் பற்றரி விசிறி வந்தது. சூட்டுக்குள் விசிறி வைத்தால் சூட்டையே எடுத்துச் சுற்றி அடிக்கும். பிறகு ஐஸ் போத்தல். போத்தல் வேர்த்துப் பெட்டி ஊறிப் போனது. நனைந்த குஞ்சு என்ன ஆகும் என்று முதலாளிக்கே தெரியும், அவர்தான் தூக்கி எறிந்தார். பிறகு ஏசியைப் போட்டுக்கொண்டே நில் என்றார்கள். எங்கள் வேன் ஏசி என் முழங்காலைக் குளிர வைக்கும். அதற்குப் பின்னால் போகாது.

நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. லயத்தில் பிறந்தவனுக்கு ஒரு விஷயம் தெரியும். தேயிலைக் கொழுந்தைச் சாக்கில் அமுக்கி வைத்தால் தானாகச் சூடாகும். நிழலில் இருந்தாலும் சூடாகும். உள்ளே கை விட்டால் சுடும். கொஞ்ச நேரத்தில் சிவந்துவிடும், ஃபெக்டரியில் எடுக்கமாட்டான். அதனால் அமுக்கக் கூடாது, நடுவில் காற்று ஓடணும். இது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வேன் ஓட்ட ஆரம்பித்ததும் மறந்து போனேன். டிரைவர் ஆனதும் கொழுந்துப் புத்தி கீழ்ப் புத்தி என்று நினைத்துவிட்டேன் போல.

பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் மரச் சட்டம் வைத்தேன். ஒட்டாமல் அடுக்கினேன். வேன் கூரை மேல் கம்பு கட்டி, கம்பு மேல் ஈரச் சாக்கு. சாக்குக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம். நின்றால் பக்கக் கதவும் பின் கதவும் திறந்து காற்று ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேற விடுவேன். மருமகன் பார்த்துவிட்டு, வேன் பிச்சைக்காரன் மாதிரி இருக்கு என்றார். ஷீட்டையும் வைக்கணும் என்று முதலாளியைக் கொண்டு சொல்ல வைத்தார். வைத்தேன். முன் கண்ணாடி பளபளத்தது.

ரெண்டாந்தரம் போன அன்று அங்கே விழா.

குஞ்சு கொடுக்க ஒரு பெரிய மனுஷன் வருகிறார் என்றார்கள். தோட்டத்து மைதானத்தில் மேடை, மைக், பந்தல். பந்தலுக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டிய இருபது நாற்காலி. வயர் இழுத்து ஒரு விசிறி. நாற்காலியில் யாரும் இல்லை. பெண்கள் வெயிலில் வரிசையில் நின்றார்கள், தலையில் துவாய். அந்த அக்கா முன்னால் நின்றார்.

உத்தியோகத்தர் என் வேனை மேடைப் பக்கம் நிறுத்தச் சொன்னார். வேன் பக்கத்தில் திட்டத்தின் பேனரைக் கட்டினார்கள், பக்கக் கதவைத் திறக்க முடியாத மாதிரி. பெரிய மனுஷன் வந்துதான் முதல் பெட்டியை எடுக்கணும். அதுவரை ஒன்றும் இறக்கக் கூடாது. ஒன்பது மணிக்கு வருவார் என்றார். பத்தரை ஆனது. சாக்குக்கு மூன்று தரம் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றின தண்ணீர் நான் திரும்புவதற்குள் காய்ந்தது. பின் கதவு மட்டும் திறந்தால் காற்று எங்கே ஓடும்?

மைதான ஓரத்தில் ஒரு மாமரம் இருந்தது. அதன் கீழ் பெரிய மனுஷனின் ஆட்கள் முன்கூட்டியே வந்த ஜீப் ரெண்டு நின்றது. எஞ்சின் ஓடியது. உள்ளே ஏசி, ஆள் தூங்கினான். கண்ணாடியைத் தட்டினேன். ஒரு விரல் அளவு இறக்கினான்.

"கொஞ்சம் எடுக்கிறீங்களா? குஞ்சு வேகுது."

"ஏலாது அண்ணே. ஜீப் சூடாயிரும்."

கண்ணாடி மேலே போனது.

வேனுக்கு வந்து காது வைத்தேன். காலையில் இருந்த சத்தத்தில் பாதி இல்லை. ஒரு பெட்டியைத் திறந்தேன். வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை விரித்துக்கொண்டு கிடந்தன. அக்காவும் வந்து எட்டிப் பார்த்தார்.

உத்தியோகத்தரிடம் போனேன்.

"சேர், பேனர கழட்டணும்."

"அவர் புத்தல டவுனத் தாண்டிட்டாராம். கொஞ்சம் பொறுங்க டிரைவர்."

"ஒம்பதரைக்கும் அதத்தான் சொன்னீங்க. அவர் வருவார் சேர். குஞ்சு இருக்காது."

"ஃபோட்டோவில பேனர் விழணும். எனக்கும் மேல ஆள் இருக்கு."

அவர் நல்ல சட்டை போட்டிருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவருக்கும் நிழலில் போய் உட்காரத் தைரியம் இல்லை. அது பெரிய மனுஷனுடைய நிழல்.

அக்கா என் பின்னால் வந்திருந்தார்.

"சேர், அந்த நாற்காலிக்கெல்லாம் வேர்க்குதா?"

"என்ன?"

"இல்ல, நெழல்ல வச்சிருக்கீங்களே, அதான் கேட்டேன்."

வரிசையில் சிரிப்பு. அக்கா போய் ரெண்டு நாற்காலியைத் தூக்கி வெயிலில் வைத்தார். இன்னொருத்தி ரெண்டு தூக்கினாள். பிறகு எல்லாரும். உத்தியோகத்தர் கையை நீட்டினார், யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் மடக்கினார்.

"பெட்டிய எறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

"எறக்கலயே சேர்" என்றார் அக்கா. "வண்டியோடதான வருது. தம்பி, எடுங்க."

எடுத்தேன். பேனர் ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. பின்பக்கமாக வேனைப் பந்தலுக்குள் விட்டேன். பெரிய மனுஷன் தலை இடிக்கக் கூடாது என்று பந்தலை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். சாக்கோடு கூரை உள்ளே போனது. மூக்கு மட்டும் வெளியே, ஷீட் பளபளப்போடு. எல்லாக் கதவையும் திறந்தேன். அக்கா விசிறியைப் பெட்டிப் பக்கம் திருப்பினார். நான் சாக்குக்குத் தண்ணீர் ஊற்றினேன். பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு இருபது நிமிஷம் கழித்து ஒன்று கத்தியது. பிறகு பக்கத்து அறையில் ஒன்று.

பெரிய மனுஷன் பன்னிரண்டரைக்கு வந்தார். பந்தலில் வேன் நிற்பதைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே எழும்பினார். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக், துணி என்ன செய்யும். மைக்கைப் பிடித்து ரெண்டு வார்த்தை பேசினார். அவ்வளவு சுருக்கமாக அவர் பேசியதே இல்லையாம். ஒரு பெட்டியைத் தூக்கினார், ஃபோட்டோ எடுத்தார்கள், ஏசியில் ஏறிப் போய்விட்டார்.

பெட்டியைப் பிரித்துக் கொடுத்தோம். மொத்தமாக மூன்று செத்திருந்தது. அக்காவின் பங்கில் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காதருகில் வைத்துப் பார்த்துக் கூடைக்குள் விட்டார். இருபத்தைந்தும் கத்தின.

"இன்னைக்குப் பச்சையாக் கொண்டாந்திருக்கீங்க தம்பி" என்றார்.

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துப் பக்கம் போனார். கூடையை முந்தானையால் மூடப் போனவர், என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மூடாமல் போனார்.

உத்தியோகத்தர் கடைக்குப் போன் பண்ணி என்னைப் பற்றிச் சொல்லியிருந்தார். மறுநாள் முதலாளி, "மூணுதானா செத்தது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதோடு முடிந்தது.

அந்த ஃபோட்டோ மருமகனின் போனுக்கும் வந்தது. பெரிதாக்கிக் கல்லாவுக்கு மேல் ஒட்டியிருக்கிறார். பெட்டியோடு பெரிய மனுஷன், பின்னால் பந்தலுக்கு வெளியே வேனின் மூக்கு, கண்ணாடியில் ஷீட். அந்த ஷீட்டால்தான் குஞ்சு தப்பியது என்று வருகிறவர்களிடம் சொல்கிறார். ரெண்டு பேர் வாங்கிப் போட்டும் விட்டார்கள்.

ஷீட் இன்னும் என் வேனில்தான் இருக்கு. பெரகலயில் டீ குடிக்க உட்காருகிற கல் காலையில் சில்லென்று இருக்கும். ஷீட்டை மடித்துக் கல் மேல் போட்டு உட்காருகிறேன். அதற்குத்தான் அது நல்லது.