மேலே போன அம்மா

போடியில் எந்தத் தெருவிலாவது நின்று, வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டால் பாதி வாசலில் ஒரே பதில்தான் வரும்: "மேல போயிருக்காக." மேலே என்றால் மலைக்கு. விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி, கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலக்காட்டில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்குவார்கள். சிலர் வாரக்கணக்கில் அங்கேயே தங்குவதும் உண்டு. இதில் ஒளிவுமறைவும் இல்லை, சிலேடையும் இல்லை. எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். தெரியாத ஒருவர் கையில் என் அம்மாவின் உயிரைக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மா முக்கால் ஆயுளை மேலேதான் கழித்தாள். காய் எடுத்தே என்னையும் தங்கையையும் வளர்த்தாள். நான் படித்து டீச்சரானேன். தங்கைக்குப் படிப்பு ஏறவில்லை. மேலேயே கல்யாணமாகி, எஸ்டேட்டில் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் ஆயாவாக இருக்கிறாள். அம்மா என்னோடு போடியில் இருந்தாள். ஒருநாள் காலையில் காபி டம்ளரை எடுக்கப் போனவளுக்குக் கை வரவில்லை. இடது பக்கம் இழுத்துக்கொண்டது. தேனி ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர் தப்பி வீட்டுக்கு வந்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, பேச்சு குழறியது. குணம் மட்டும் அப்படியே இருந்தது. கஞ்சியில் உப்பு குறைந்தால் நல்ல கையால் தட்டைத் தள்ளிவிடுவாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாக்காளர் பட்டியலைத் திருத்தும் வேலை வந்தது. நான் வேலை பார்ப்பது சிலமலையில். அங்கேயே ஒரு வாக்குச்சாவடிக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். காலையில் பாடம், மத்தியானத்துக்கு மேல் வீடு வீடாகப் படிவம், அதற்குப் பிறகு அதையெல்லாம் போனில் ஏற்றுவது. ஏற்றுவது என்று சொல்கிறேனே தவிர, பாதி நேரம் சர்வர் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

வேலையை நான் குறை சொல்லவில்லை. ஓட்டுப் போடுவதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி வந்த பொம்பளையின் மகள் நான். ஒரு தேர்தலையும் அம்மா விட்டதில்லை. ஓட்டுச்சாவடியில் பட்டியலைப் பார்த்து ஒருவர் பேரைச் சத்தமாக வாசிப்பார் இல்லையா, அது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். "வருசம் பூராம் கங்காணி பேரு வாசிப்பான், வேல வாங்கறதுக்கு. இங்கன ஒரு நாளுதான் மரியாதைக்கு வாசிக்கிறாக" என்பாள். அதற்காகவே நல்ல சேலை ஒன்றை எடுத்து வைத்திருப்பாள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, இந்த முறை எனக்கு விலக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். எங்களை மேற்பார்வை செய்த அதிகாரி வெளி மாவட்டத்துக்காரர், புதிதாக வந்தவர். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எல்லார் வீட்லயும்தான் அம்மா இருக்காங்க, டீச்சர்" என்றார். ஆமாம், இருக்கிறார்கள். எல்லா அம்மாவுக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்க ஒரு ஆளும் வேண்டியிருக்கிறது. என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வெளியூர். எதிர்வீட்டு அக்கா சில நாள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிற சோலி இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்த தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்போடு வந்துவிட்டாள். "நீ ஊரு பேரெல்லாம் எழுது. ஆத்தாவ நான் பாத்துக்கிறேன். காப்பகத்துல புள்ளைகளோட புள்ளையாக் கெடக்கட்டும்" என்றாள். பின்சீட்டில் மெத்தை போட்டு அம்மாவைப் படுக்க வைத்து மேலே அனுப்பினோம். ஜீப் திரும்பியதும் நான் சிலமலைக்குப் பஸ் ஏறினேன். அன்றைக்கும் வேலை இருந்தது.

சிலமலையில் எனக்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்ல வேண்டும். யாரைப் பார்த்தாலும் பயம். பேர் போனால் ரேஷன் போகுமா, ரேஷன் போனால் வீடு போகுமா என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன். சொல்கிற எனக்கே முழு நிச்சயம் இல்லை. ஒரு பெரியவர் படிவத்தை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஆனை வந்து எம் மக்காச்சோளத்த மேஞ்சுட்டுப் போச்சு. அத எழுத ஒரு நாதி வரல. எம் பேரு இருக்கா இல்லையான்னு எழுத மட்டும் வெரசா வந்துட்டீகளே, டீச்சர்?" என்றார். ஒருவழியாக அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். அவர் கேட்டதில் என்ன தப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"மேல போயிருக்காக" என்ற பதில் அங்கேயும் வந்தது. அப்போதெல்லாம் நான் என்ன செய்தேன்? எப்போது இறங்குவார்கள் என்று கேட்டு, அந்த நேரத்துக்கு இன்னொரு நடை போனேன். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம்.

வரைவுப் பட்டியல் வந்தது. சிலமலைப் பட்டியலை நானே சுவரில் ஒட்டினேன். எங்கள் தெருப் பட்டியலைப் பார்க்க அன்று சாயங்காலம் போடியில் எங்கள் வார்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். என் பேர் இருந்தது. வீட்டுக்காரர் பேர் இருந்தது. அம்மா பேர் இல்லை. பக்கத்தில் நீக்கப்பட்டவர்கள் பட்டியல் தனியாக ஒட்டியிருந்தது. அதில் இருந்தது. எதிரே காரணம்: இறப்பு. சுவரில் கை வைத்துக்கொண்டு தங்கைக்குப் போன் போட்டேன். "ஆத்தா என்ன பண்ணுது?" "வெத்தல கேட்டுச்சு, குடுக்கலன்னு வஞ்சுக்கிட்டு இருக்கு. ஏன்?" ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

அம்மாவின் படிவத்தை நானேதான் நிரப்பி, அவளுக்குப் பதில் கையெழுத்துப் போட்டு, எங்கள் படிவங்களோடு எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்து வைத்திருந்தேன். எங்கள் தெருவுக்குப் பொறுப்பான டீச்சர் பிரசவ விடுப்பில் போனதால் கடலோரத்துப் பக்கமிருந்து வந்த ஒரு தம்பியைப் போட்டிருந்தார்கள். அவர்தான் வந்து வாங்கிப் போனார். என்ன நடந்தது என்று அக்காவிடம் கேட்டேன்.

"அந்தத் தம்பி வந்து, இந்தம்மாவுக்கு ஏன் வேற ஆளு கையெழுத்துப் போட்டிருக்குன்னு கேட்டுச்சு. அவுக எங்கிட்டுப் போட, அவுக மேல போயிட்டாகன்னேன். எப்பக்கான்னுச்சு. ஞாயித்துக்கெழமதான், கை காலு இழுத்துக் கெடந்தாக, ஜீப்புல படுக்க வச்சுத்தான் கொண்டு போனாகன்னேன். த்சொன்னு உச்சுக் கொட்டுச்சு. மகராசி இருந்தா தெருவே கலகலன்னு இருக்கும்ப்பான்னேன். அதுக்கும் த்சொன்னுச்சு. நல்ல புள்ளையா இருக்கேன்னு மோரு கரைச்சுக் குடுத்தேன்டி!"

மாரியம்மன் மேல் சத்தியமாக வேறு எதுவும் சொல்லவில்லை என்று அழுதாள். அவள் மேல் என்ன தப்பு? அவள் எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசினாள். நிரப்பிய படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கேள்வி கேட்க மனமில்லாமல், மோரையும் குடித்துவிட்டு என் அம்மாவைக் கொன்றுவிட்டுப் போயிருக்கிறார் அந்தத் தம்பி.

மறுநாள் அந்தப் பட்டியலைப் பார்க்கும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நிதானமாகக் கேட்டார். "தப்பு நடந்திருக்கலாம். ஆளை நேர்ல கூட்டிட்டு வாங்க" என்றார்.

"சார், அவங்களால உக்காரவே முடியாது."

"முடியாதவங்கன்னா நாங்களே வீட்டுக்கு வருவோம். எங்க இருக்காங்க?"

மேலே என்றேன். கவனமாக, எஸ்டேட்டில் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"அது கேரளா இல்ல? அங்க நாங்க வர முடியாதே. அங்கதான் இருக்காங்கன்னா, அங்கயே பேரைச் சேத்துக்கலாமே?"

போனை எடுத்து வீடியோவில் அம்மாவைக் காட்டினேன். அம்மா திரையில் முழித்து, கோணவாயால் "யாருடி அவன்?" என்றாள். அவர் பார்த்தார். "இதையெல்லாம் ஆதாரமா எடுத்துக்க முடியாது, டீச்சர்" என்றார். அவன் யார் என்று கேட்கிற அம்மா ஆதாரமில்லை. எதிர்வீட்டில் கேட்ட அரை வார்த்தை ஆதாரம். சாகடிக்க ஒரு "த்சொ" போதுமாக இருந்தது. உயிரோடு இருக்க ஆளையே தூக்கி வர வேண்டுமாம். மேலே விளைகிற காய் கீழே வந்து விலை போகிறது, அப்போது யாரும் எல்லை கேட்பதில்லை. எடுத்த பொம்பளைக்கு மட்டும் எல்லை முளைத்துவிடுகிறது. இதை நான் வாய்விட்டே சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் விசாரணைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்.

மேலே ஏற்றினதே தப்பு, இனி அம்மா குலுங்கக் கூடாது, இன்னொரு தடவை இழுத்தால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தங்கை போனில் சண்டைக்கு வந்தாள். "ஒரு ஓட்டுக்காகவா இம்புட்டுத் தூரம் கொண்டு வரணும்? வழியில ஒண்ணு ஆச்சுன்னா? விட்டுத் தொலைக்கா." எனக்கும் விட்டுவிடலாமா என்று இருந்தது. அம்மாவிடமே கேட்டோம். பட்டியலில் நீ செத்துப்போனதாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தங்கைதான் சொன்னாள்.  "வாசிக்கச் சொல்லு" என்றாள் அம்மா. என்ன வாசிக்க என்று தங்கை கேட்டாள். "எம் பேர."

விசாரணைக்குப் போகும் நாளில் மழை. முந்தின நாளே நான் மேலே போய்விட்டேன். காலையில் இறங்கும்போது ஒரு வளைவில் மண் சரிந்து கிடந்தது. அதை அள்ளி ஒதுக்குகிற வரை ஜீப்பிலேயே இருந்தோம். அம்மாவின் தலை என் மடியில், கால் தங்கையின் மடியில். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் முகத்தைப் பார்ப்பேன், வாய் இன்னும் கோணுகிறதா என்று. அதற்குள் என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேற்பார்வை அதிகாரி. சிலமலையில் திருத்த மனுக்கள் வாங்க நான் உட்கார்ந்திருக்க வேண்டிய நாள் அது. விடுப்புக் கேட்டிருந்தேன், கிடைக்கவில்லை. எடுக்காமல் பையில் போட்டேன்.

விசாரணை நடந்த கூடத்தில் அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து, விழாமல் நான் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். நல்ல சேலைதான் கட்டியிருந்தாள். ஜீப்பில் அதன் மேல் வாந்தி பட்டிருந்தது, துடைத்து மடித்து விட்டிருந்தோம். வரிசையாகப் பேர் கூப்பிட்டார்கள். அம்மாவின் பேரை ஒருவர் சத்தமாக வாசித்தார். அம்மா நல்ல கையைத் தூக்கி, "இருக்கேன்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. மறுபடி வாசித்தார். "இருக்கேன்டா!" என்று அம்மா போட்ட சத்தத்தில் கூடமே அடங்கிவிட்டது.

அந்தக் கடலோரத்துத் தம்பியும் அங்கே இருந்தார். முகம் வெளுத்து எழுந்து வந்தார். "மன்னிச்சுக்கங்கம்மா. எங்க ஊர்ல மேல போயிட்டாங்கன்னா..." என்று இழுத்தார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எச்சில் ஒழுக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "மேல போனா, எறங்கி வர மாட்டமாடா?"

பேர் திரும்ப வந்துவிட்டது. இறுதிப் பட்டியலில் நானே பார்த்தேன். ஆனால் எனக்குச் செரிக்காதது அது இல்லை, விசாரணை முடிந்த அன்று சாயங்காலம் நடந்தது. அம்மாவை எங்கள் வீட்டில் படுக்க வைத்துவிட்டுப் போனைப் பார்த்தால், மேற்பார்வை அதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டு வாட்ஸப்பில் செய்தி. தேசக் கடமையில் அலட்சியமாம். அனுமதி இல்லாமல் வராததற்குக் காரணம் சொல்ல வேண்டுமாம். நீளமாக எழுதத் தெம்பில்லை, எழுத விருப்பமும் இல்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரே வரி எழுதினேன்: "அம்மா மேலே போய்விட்டார்கள். கீழே கொண்டுவரப் போயிருந்தேன்."

உடனே பதில் வந்தது. "ஆழ்ந்த இரங்கல், டீச்சர். காரியம் முடியும் வரை விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன்."

உயிரோடு இருந்த அம்மாவுக்காகக் கெஞ்சியபோது கிடைக்காத விடுப்பு அது. திருத்தி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் வீட்டிலேயே இருந்து கஞ்சி வைத்தேன். அம்மா ஒரு வாய் வாங்கிவிட்டு, "இன்னைக்கிச் சோலிக்குப் போகலயா?" என்று கேட்டாள்.

"லீவு குடுத்துட்டாகம்மா."

"எதுக்கு?"

"நீ மேல போனதுக்குத்தான்" என்றேன். அம்மா தட்டைத் தள்ளிவிட்டாள். உப்பு குறைச்சலாம்.