உடையாத வீடு

அத்தானின் தொழில், சினிமாவில் இடிந்து விழுவதற்காக வீடு கட்டுவது. இடுப்பு உயரம்தான் இருக்கும், திரையில் மாளிகையாகத் தெரியும். கதவுக்குத் தாழ்ப்பாள், மாடிப்படிக்குக் கைப்பிடி, சமையலறையில் அலமாரி, எல்லாம் உண்டு. எங்கள் சமையலறையில் அலமாரி கிடையாது. கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி உண்டு.

"பொம்மை வீட்டுக்கு அலமாரி, எனக்கு வாளியா?" என்று அக்கா கேட்பாள்.

"அது கேமராவுல தெரியும்டி" என்பார்.

கம்ப்யூட்டர் வந்தபின் அவருக்கு வேலை குறைந்தது. வெள்ளமும் பூகம்பமும் ஏசி அறையில் உட்கார்ந்தபடியே நடக்க ஆரம்பித்தன. அந்தப் படங்களை அத்தான் ஒன்று விடாமல் பார்ப்பார், திட்டுவதற்காக. "தண்ணி வருது, ஒருத்தனும் நனையல. மலை விழுது, தூசி எங்க?" முன் வரிசை திரும்பிப் பார்க்கும். அக்கா வேறு யாருடனோ வந்தவள்போல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்போது ஓர் இயக்குநர் வந்தார். கம்ப்யூட்டரே தொடாமல் படம் எடுப்பதாகப் பேட்டிக்குப் பேட்டி சொல்லிவந்தவர். வெள்ளம் ஒரு மாளிகையை அடித்துச் செல்ல வேண்டும்.

"எல்லாம் நிஜமா இருக்கணும், மாஸ்டர். இது சரியா வந்தா படத்துல மீதி வேலையும் உங்களுக்குத்தான். வரலேன்னா தயாரிப்பாளர் கம்ப்யூட்டர் ஆளுங்கள கூப்பிட்டுருவார்."

இடியப்போகும் வீட்டின் சுவர்களை லேசாகத்தான் ஒட்ட வேண்டும். நடுத்தூணைப் பாதி அறுத்து வைக்க வேண்டும். அத்தான் எப்போதும் அப்படித்தான் செய்வார். இந்த முறை நிஜம் தலைக்கேறிவிட்டது. மூலைக்கு மூலை மரத்தைக் கொத்திப் பொருத்தி, பசை போட்டு இறுக்கினார்.

"நிஜ வீட்ட எவனாவது பாதி ஒட்டுவானா?"

"நிஜ வீடுன்னா ஒழுகணுமே" என்றாள் அக்கா.

படப்பிடிப்பன்று ஜன்னல்களுக்குத் திரைச்சீலை மாட்ட நாங்களும் போயிருந்தோம். தண்ணீர்த் தொட்டியைத் திறந்தார்கள். மரங்கள் போயின, மாடு போனது, மதில் போனது. வீடு குளித்துவிட்டு நின்றது. இன்னொரு தொட்டியையும் சேர்த்துத் திறந்தார்கள். இன்னும் பளிச்சென்று நின்றது. பின்னாலிருந்து ஓர் ஆள் மூங்கிலால் நெம்பினார். மூங்கில் உடைந்தது.

இயக்குநர் அத்தானைப் பார்த்தார். அத்தான் முகத்தில் வந்திருக்க வேண்டியது பயம். வந்தது பெருமை.

"கொஞ்சம் மட்டமா செஞ்சிருக்கக் கூடாதா, மாஸ்டர்?"

"கை வரல, சார்."

மீதி வேலை போயிற்று. நிற்கிற வீட்டைப் படமெடுத்துக்கொண்டு போய், கம்ப்யூட்டர்காரர்கள் உடைத்தார்கள். இயக்குநர் மட்டும் பேட்டியை மாற்றவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கம்ப்யூட்டரில் செய்ததில்லை என்றார். தண்ணீரைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

தியேட்டரில் வீடு உடைந்தபோது கைதட்டல் காதைப் பிளந்தது. பின்னாலிருந்த ஒருவர் நண்பரிடம், "பாத்தியா, நிஜமா உடைச்சிருக்காங்க. கம்ப்யூட்டர்ல இப்படி வருமா?" என்றார்.

அத்தான் திரும்பினார். சண்டைக்குப் போகிறார் என்று அக்கா அவர் சட்டையைப் பிடித்தாள்.

"வராது, தம்பி" என்றார் அத்தான். "நான்தான் உடைச்சேன்."

"ஏங்க, வாய் கூசல?"

"சும்மா இருடி. எவ்வளவு அழகா விழுது பாரு."

கம்ப்யூட்டரே இல்லை என்று அத்தனை பேட்டி கொடுத்த இயக்குநரால் அடுத்த படத்துக்கு வேறு ஆளைத் தேட முடியவில்லை, அத்தானிடமே வந்தார். இப்போது எங்கள் கூடத்தை ஒரு கப்பல் அடைத்துக்கொண்டிருக்கிறது. புயலில் அது முழுக வேண்டும்.

"இதாவது முழுகுமா?" என்று கேட்டாள் அக்கா.

அத்தான் அடிப்பலகை இடுக்கில் இன்னொரு பூச்சுத் தார் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு சொட்டு உள்ள போகட்டும், பாக்கலாம்" என்றார்.